பூந்தேனும் பூச்சியும்: ஓசனிச்சிட்டுகளின் உணவு

அலாஸ்காவின் தென்பகுதியிலிருந்து தென் அமெரிக்காவின் தென்கோடியான தியரா டெல் ஃபுவேகோ வரை பரந்து கிடக்கும் நிலப்பரப்பிலும் கரீபியத் தீவுகளிலும் மட்டுமே வாழும் ஓசனிச்சிட்டுகள், 360க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கிய ஒரு தனிப் பறவைக் குடும்பமாகும். ஹம்மிங்பேர்ட் என்ற பெயராலும் தமிழ் ஏடுகளில் குறிக்கப்பெறும் இவை இந்தியாவிலோ இலங்கையிலோ இயற்கையில் இல்லை. தமிழகத் தோட்டங்களில் செம்பருத்தியையும் வாழைப்பூவையும் நாடிவரும் தேன்சிட்டுகள் இவற்றுக்கு நெருங்கிய உறவில்லாத வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒரே வகை உணவை நாடியதனால் இரு குடும்பங்களும் நீண்ட அலகையும் தேனை முகந்தெடுக்கும் நாக்கையும் தனித்தனியே பெற்றன. உறவில்லாத உயிர்கள் ஒத்த வாழ்க்கைமுறையால் ஒத்த உறுப்புகளைப் பெறும் இந்நிகழ்வை உயிரியலார் குவிபரிணாமம் என்பர்.

ஓசனிச்சிட்டு பூந்தேனை உண்டு வாழும் பறவை என்பது பொதுவழக்கில் நிலைபெற்றுவிட்ட கூற்று. அதில் பாதியே உண்மை. பூந்தேனில் உள்ள சர்க்கரை இப்பறவையை இயக்கும் எரிபொருளாகுமே தவிர, அதன் தசையையும் இறகையும் முட்டையையும் ஆக்குவதற்கு வேண்டிய புரதம் அதில் இல்லை என்று சொல்லத்தக்க அளவே உள்ளது. அப்புரதத்தையும் கொழுப்பையும் உப்புச்சத்துகளையும் பறவை சிறு ஈக்கள், கொசுக்கள், சிலந்திகள் முதலிய உயிர்களைப் பிடித்துண்டே பெறுகிறது. இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிந்தால்தான், அமெரிக்காவிலும் கனடாவிலும் இலட்சக்கணக்கான வீடுகளில் தொங்கும் சர்க்கரை நீர்க் குப்பிகள் இப்பறவைக்கு எதைத் தருகின்றன, எதைத் தருவதில்லை என்பது விளங்கும்.

கிழக்கு வட அமெரிக்காவில் வழக்கமாகக் கூடு கட்டும் ஒரே ஓசனிச்சிட்டு இனம் மாணிக்கக் கழுத்து ஓசனிச்சிட்டு. ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள இப்பறவை, பூவின் முன் அந்தரத்தில் நிலைத்து நிற்கும்போது வினாடிக்கு ஏறத்தாழ 50 முறை சிறகடிக்கிறது. பறக்கும் ஓசனிச்சிட்டுகளின் இதயம் நிமிடத்துக்கு 1,000 முறைக்கும் மேல் துடிக்கவல்லது. உடலின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கிட்டால், முதுகெலும்புள்ள விலங்குகளில் இத்துணை ஆற்றலைச் செலவிடும் உயிர்கள் மிகச் சிலவே. பகல் முழுவதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உண்ண வேண்டிய உயிர், உண்ண இயலாத இரவை எவ்வாறு கடக்கிறது என்ற வினாவுக்கு விடை உறைநிலைத் துயில் ஆகும். அதாவது, உடல் வெப்பத்தையும் மூச்சையும் இதயத்துடிப்பையும் மிகத் தாழ்த்தி, சேமிப்பிலுள்ள கொழுப்பைச் சிக்கனமாகச் செலவிட்டு விடியும்வரை அசைவற்றுக் கிடத்தல். பெரு நாட்டின் ஆண்டீஸ் மலையில் வாழும் ஓர் இனத்தின் உடல் வெப்பம் இத்துயிலில் 3.3 பாகை செல்சியஸ் வரை இறங்கியதை 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இரவில் இப்படிக் கஞ்சத்தனம் காட்டும் உடல், விடிந்ததும் முதலில் தேடுவது சர்க்கரையையே.

அச்சர்க்கரையைத் தருவதற்கென்றே அமைந்தவை போன்ற பூக்கள் அமெரிக்கக் கண்டங்களில் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை பெரும்பாலும் நீண்ட குழல் வடிவின, மணமற்றவை, தேனீ அமர்வதற்கு ஏற்ற மேடையில்லாதவை. அவற்றின் தேனில் சர்க்கரையின் பங்கு எடைக் கணக்கில் பொதுவாக 20 முதல் 25 விழுக்காட்டளவில் நிற்கிறது. கலிபோர்னியாவில் பூந்தேனை விரிவாகப் பகுத்தாய்ந்த ஹெர்பர்ட் பேக்கர், ஐரீன் பேக்கர் இணையர், ஓசனிச்சிட்டை நம்பி வாழும் பூக்களின் தேனில் சுக்ரோஸ், அதாவது கரும்புச் சர்க்கரையின் மூலப்பொருளே மிகுதி என்றும், கிளையில் அமர்ந்து உண்ணும் பாடும் பறவைகளை நம்பும் பூக்களில் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் எளிய சர்க்கரைகளே பெரும்பாலும் மிகுதி என்றும் காட்டினர். வீட்டுச் சீனியைக் கொண்டு ஓசனிச்சிட்டுக்கு உணவு கலக்க முடிவதற்கு இந்த ஒற்றுமையே அடிப்படை.

தேனை நாக்கு எவ்வாறு எடுக்கிறது என்பது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் தவறாக விளக்கப்பட்டு வந்தது. நுண்குழலில் நீர் தானாக ஏறுவதுபோல் நாக்கின் பள்ளங்களில் தேன் ஏறுகிறது என்னும் விளக்கம் 1833 முதல் நூல்களில் நிலவியது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் அலெஹாந்த்ரோ ரீகோ கெவாராவும் மார்கரெட் ருபேகாவும் மிகுவேக ஒளிப்பதிவுக் கருவிகளால் படம்பிடித்து, 2011இலும் 2015இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதனை மாற்றின. பிளவுபட்ட நாக்கின் நுனி தேனுக்குள் விரிந்து, வெளியே வரும்போது தேனைச் சிறைப்பிடித்து மூடிக்கொள்கிறது. அலகு பிழிந்து தட்டையாக்கிய நாக்குப் பள்ளங்கள் தேனைத் தொட்டதும் தம் பழைய வடிவுக்கு மீள்கையில் அதனை உள்ளிழுக்கின்றன. நாக்கு ஒரு நுண்ணிய இறைப்பானாகவே வேலை செய்கிறது. வினாடிக்குப் பத்து முறைக்கு மேல் அது உள்ளும் வெளியும் சென்று வருகிறது.

பூவும் அலகும் ஒன்றையொன்று செதுக்கிய வரலாற்றுக்கு ஆண்டீஸ் மலையின் வாளலகு ஓசனிச்சிட்டும், உடலினும் நீண்ட அதன் அலகை எதிர்பார்த்து நிற்கும் தாட்பூ இனமும் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. அதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது கிழக்குக் கரீபியத் தீவுகளில் வாழும் ஊதாக் கழுத்துக் கரிப் என்னும் பறவையின் நிலை. டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் ஈத்தன் டெமலீஸ், ஜான் கிரெஸ் ஆகியோர் ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, அவ்வினத்தின் ஆண் உருவில் பெரியது, அலகில் குறுகியது; பெண் உருவில் சிறியது, ஆனால் அதன் அலகு மிக நீண்டு வளைந்தது. வாழையைப் போன்ற இலையுடைய ஹெலிகோனியா செடிகளுள் தேன் மிகுந்த குறும்பூ இனத்தை ஆண் பறவை காவல் காத்து உண்ண, வளைந்த நெடும்பூவையுடைய மற்றோர் இனத்தைப் பெண் நாடுகிறது. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் உணவால் பிரிந்து, அப்பிரிவு அலகின் வடிவிலேயே எழுதப்பட்டிருப்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் சான்று பறவையியலில் அரிது.

இனிப்பை உணரும் திறனும் இப்பறவைகள் புதிதாக ஈட்டியதே. பாலூட்டிகளில் இனிப்பை அறிய உதவும் மரபணு ஒன்று பறவைகளின் மூதாதையரிடமே அழிந்துபோயிற்று. இறைச்சியின் சுவையை உணர்வதற்கென இருந்த ஏற்பியே ஓசனிச்சிட்டுகளில் சர்க்கரையை உணரும் ஏற்பியாக மாறியமைந்ததை மோட் பால்ட்வின் தலைமையிலான குழு 2014இல் நிறுவியது. ஏற்பி என்பது நாக்கின் உயிரணுவில் அமர்ந்து குறிப்பிட்ட ஒரு பொருளை இனங்காணும் புரதம். குடித்த சர்க்கரை குடலிலிருந்து நேரே தசைக்குச் சென்று சில பத்து நிமிடங்களிலேயே எரியத் தொடங்குகிறது என்பதும், மனிதத் தசை நேரடியாகப் பயன்படுத்தத் தடுமாறும் ஃபிரக்டோஸையும் ஓசனிச்சிட்டின் தசை எளிதில் எரிக்கிறது என்பதும் கென்னத் வெல்ச் முதலியோரின் ஆய்வுகளால் தெரியவந்தன. எங்கே எப்போது குடித்தோம் என்பதையும் பறவை மறப்பதில்லை. கனடாவின் ராக்கி மலைப்பகுதியில் காட்டு ஓசனிச்சிட்டுகளைக் கொண்டு நடந்த சோதனைகளில், பத்து நிமிடத்தில் மீண்டும் தேன் நிரப்பப்பட்ட செயற்கைப் பூக்களையும் இருபது நிமிடத்தில் நிரப்பப்பட்டவற்றையும் பறவைகள் தனித்தனியே நினைவில் கொண்டு உரிய நேரத்தில் திரும்பி வந்தன.

இனி, பேசப்படாத மறுபாதிக்கு வரலாம். பூச்சி வேட்டையில் ஓசனிச்சிட்டு கைதேர்ந்தது. பறக்கும் சிறு ஈக்களைக் காற்றிலேயே மடக்குகிறது. இலையின் அடிப்புறத்திலிருந்து அசுவினியைக் கொத்துகிறது. சிலந்தி வலையின் முன் அந்தரத்தில் நின்று, வலையில் சிக்கிய இரையை மட்டுமன்றிச் சில வேளைகளில் சிலந்தியையே கவர்ந்துகொள்கிறது. கோஸ்ட்டா ரிக்காவின் லா செல்வா மழைக்காட்டில் கேரி ஸ்டைல்ஸ் செய்த ஆய்வு, காட்டின் நிழற்பகுதியில் வாழும் நெடுவளையலகு இனங்கள் பெரும்பாலும் சிலந்திகளைத் தேடி எடுப்பதையும், பிற இனங்கள் பறக்கும் பூச்சிகளை மிகுதியாகத் துரத்துவதையும் காட்டியது. ஊசிபோன்ற அலகால் பறக்கும் கொசுவைப் பிடிப்பது இயலுமா என்ற ஐயத்துக்கு கிரெகர் யனேகாவும் ருபேகாவும் 2004இல் விடை கண்டனர். வாயைத் திறக்கும்போது கீழலகு நடுப்பகுதியில் கீழ்நோக்கி வளைந்து, வாயின் அடிப்பகுதியை அகலப்படுத்துகிறது. பூச்சியை அலகின் நுனியால் கவ்வாமல், அகன்ற வாயின் உட்பகுதியாலேயே பறவை வாங்கிக்கொள்கிறது. வளைந்த அந்த எலும்பு மீண்டும் நிமிரும் விசையால் வாய் வினாடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் மூடிக்கொள்வதைப் பின்னர் வந்த ஆய்வு விளக்கியது.

பூச்சியுணவின் தேவை கூட்டில்தான் முழுமையாகப் புலப்படும். ஆண் பறவை குஞ்சு வளர்ப்பில் பங்கு கொள்வதில்லை. சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டிய கிண்ணக் கூட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டைகளை இட்டு அடைகாத்த பெண், பொரித்த குஞ்சுகளின் தொண்டைக்குள் தன் அலகைச் செலுத்தி, வயிற்றிலிருந்து மேலே கொணர்ந்த சிற்றுயிர்களையும் தேனையும் ஊட்டுகிறது. கண் திறவாத, இறகில்லாத குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரத்தில் பறந்து செல்லும் அளவுக்கு வளர வேண்டுமானால் அதற்குப் புரதம் தடையின்றிக் கிடைத்தாக வேண்டும். சர்க்கரையை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் குஞ்சு வளராது. கூண்டிலுள்ள முதிர்ந்த பறவையும் சர்க்கரை நீரை மட்டும் உண்டு நெடுநாள் நலமாக இருப்பதில்லை. இதனை அறிந்த உயிரியல் பூங்காக்கள் ஓசனிச்சிட்டுகளுக்குப் புரதம் கலந்த திரவ உணவைக் கொடுப்பதுடன் பழ ஈக்களையும் வளர்த்து விடுகின்றன.

தேனும் பூச்சியும் தவிர வேறு சிலவும் இவ்வுணவில் இடம்பெறுகின்றன. சாறுறிஞ்சி மரங்கொத்திகள் பிர்ச், மேப்பிள் மரப்பட்டைகளில் வரிசையாகத் துளையிட்டுக் கசியச் செய்யும் மரச்சாறு அவற்றுள் முதன்மையானது. வசந்தத்தில் பூக்கள் மலருமுன்பே கனடாவுக்குத் திரும்பிவிடும் மாணிக்கக் கழுத்து ஓசனிச்சிட்டுகளுக்கு இச்சாறும், அதனை நாடிவரும் பூச்சிகளும் உயிர்காக்கும் உணவாகின்றன. மெக்சிக்கோவின் மலைக் காடுகளில் செதிற்பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புக் கசிவையும் சில இனங்கள் நக்கிக் குடிக்கின்றன. முட்டையிடும் பருவத்தில் பெண் பறவைகள் மரச் சாம்பலையும் மண்ணையும் கொத்துவதும் காணப்பட்டுள்ளது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை ஈடு செய்வதற்காக என்று அறிஞர் கருதுவர்.

மனிதர் இவ்வுணவில் தலையிட்ட வரலாறு நீண்டதன்று. மாசசூசெட்சின் கரோலின் சூல் என்பவர் சிறு குப்பியைச் செயற்கைப் பூவுக்குள் பொருத்திச் சர்க்கரை நீர் நிரப்பிய செய்தி 1900இல் ஒரு பறவையியல் இதழில் வெளிவந்தது. மார்கரெட் போடைன் மெய்ன் மாநிலத்தில் கண்ணாடிக் குப்பிகளால் இப்பறவைகளைப் பழக்கியதை 1928இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் படங்களுடன் வெளியிட்டது. அதே இதழில் 1947இல் ஹெரால்ட் எட்ஜெர்ட்டனின் மின்னொளிப் படங்கள் அந்தரத்தில் உறைந்து நிற்கும் சிறகுகளைக் காட்டியபோது பொதுமக்களின் ஆர்வம் பெருகிற்று. 1950 அளவில் ஊட்டுக்குப்பிகள் கடைகளுக்கு வந்துவிட்டன. இன்று டொரன்டோ போன்ற நகரங்களில் குடியேறி வாழும் தமிழர் இல்லங்களின் பின்கட்டுகளுக்கும் மே மாதத்தில் இப்பறவை வந்து சேர்கிறது.

குப்பியில் நிரப்ப வேண்டியது வெள்ளைச் சீனியும் நீரும் மட்டுமே. அளவு, ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு நீர். இது கன அளவுக் கணக்கு; எடைக்கு மாற்றினால் 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக, பூக்களின் தேனை ஒட்டிய செறிவாக அமைகிறது. குளிர் மிகுந்த நாள்களில் மூன்று பங்கு நீருக்கு ஒரு பங்கு என்று செறிவைச் சற்றுக் கூட்டுவோரும் உண்டு. தமிழ் மனத்துக்கு நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் தேனும் சீனியினும் நலம் தருவன என்று தோன்றுவது இயல்பு. இப்பறவைக்கு அவ்வெண்ணம் பொருந்தாது. பூந்தேனில் இரும்புச்சத்து மிகக் குறைவு; வெல்லப்பாகு நீக்காத சர்க்கரைகளில் உள்ள இரும்பு, அதற்குப் பழகாத உடலில் தேங்கித் தீங்கு செய்யக்கூடும். தேனீ சேகரித்த தேனோ நீர் கலந்தவுடன் விரைவில் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கிறது. செயற்கை இனிப்பூட்டிகள் சுவை தரும், ஆற்றல் தரா. ஆகவே அவற்றைப் பறவைக்கு வைப்பது பட்டினியைப் பரிமாறுவதற்கு ஒப்பாகும். சிவப்புச் சாயமும் வேண்டுவதில்லை. கொலராடோவின் மலைப்பகுதியில் மேரி காஸ்வெல் ஸ்டாடர்ட் குழுவினர் ஊட்டுக்குப்பிகளின் அருகே வண்ண விளக்குகளை வைத்து நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, மனிதர் காணாத புறஊதா கலந்த நிறங்களையும் இப்பறவைகள் பிரித்தறிந்து உணவுடன் இணைத்துக் கொள்கின்றன என்று காட்டியது. உணவு எங்கே கிடைக்கிறதோ அந்த நிறத்தைக் கற்றுக்கொள்ளும் பறவைக்குக் குப்பியின் மூடியில் உள்ள சிவப்பே போதுமானது.

கலவையினும் தூய்மைக்கு மிகுந்த அக்கறை வேண்டும். வெயில் காலத்தில் இரண்டு நாள்களுக்கு ஒருமுறையேனும், குளிர்ந்த பருவத்தில் நான்கைந்து நாள்களுக்குள்ளும் நீரை மாற்றிக் குப்பியை வெந்நீரும் தூரிகையும் கொண்டு கழுவுதல் வேண்டும். கலங்கிய நீரையும் கரும்புள்ளி தோன்றிய குப்பியையும் ஒரு நாளும் தொங்கவிடலாகாது. சர்க்கரை நீர் புளிக்கும்போது சிறிதளவு சாராயம் உண்டாகிறது. ராபர்ட் டட்லி குழுவினர் கலிபோர்னியாவின் பெர்க்கலியில் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அன்னா ஓசனிச்சிட்டுகள் ஒரு விழுக்காடு சாராயம் வரை வேறுபாடின்றிக் குடித்தன, இரண்டு விழுக்காடானதும் உண்ணும் அளவைப் பாதியளவுக்குக் குறைத்துக்கொண்டன. குப்பி தொங்கும் இடமும் எண்ணத்தக்கது: நிழலில் இருந்தால் நீர் விரைவில் கெடாது; சன்னல் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள்ளோ மிகத் தொலைவிலோ இருந்தால் பறவை வேகத்துடன் மோதி இறக்கும் இடர் குறையும்; குப்பியில் பதுங்கி நின்று பறவையைப் பிடித்துண்ணும் பெரிய கும்பிடுபூச்சிகளை அப்புறப்படுத்தவும் வேண்டும். ஓர் ஆண் பறவை ஒரு குப்பியைத் தனதாக்கிப் பிறவற்றை விரட்டுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதவாறு சில குப்பிகளைத் தொங்கவிடுதல் நலம். குப்பியை எடுக்காவிடில் பறவை தெற்கே செல்லாமல் தங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. பகற்பொழுது குறைவதே வலசைக்குப் பறவையைத் தூண்டுகிறது. இலையுதிர் காலத்தில் உடல் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக் கொண்டு மெக்சிக்கோ வளைகுடாவின் மீது 800 கிலோமீட்டர் வரை நில்லாமல் பறக்கும் பறவைக்கு, வழியிலுள்ள ஒவ்வொரு குப்பியும் உதவியே.

ஆயினும் இவ்வூட்டல் பறவையின் வாழ்வையே மாற்றி வருகிறது என்பதை மறுக்க இயலாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் கலிபோர்னியாவிலும் பாஹா கலிபோர்னியாவிலும் கூடு கட்டிய அன்னா ஓசனிச்சிட்டு, அயல்நாட்டுப் பூமரங்களாலும் ஊட்டுக்குப்பிகளாலும் இன்று கனடாவின் வான்கூவர் வரை பரவி, குளிர்காலத்திலும் அங்கேயே தங்குகிறது. பொதுமக்கள் அனுப்பிய பதிவுகளைத் திரட்டி எம்மா கிரெய்க் முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு இப்பரவலை நகரமயமாதலுடனும் ஊட்டலுடனும் இணைத்துக் காட்டியது; அவ்வினத்தின் அலகே சில தலைமுறைகளில் நீண்டு மாறியதாக 2025இல் வெளியான ஆய்வு கூறுகிறது. செடிகளின் மீது ஊட்டலின் விளைவோ இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எக்குவடோரில் குப்பிகள் பறவைகளைத் தம் அருகே திரட்டினவே தவிர, பூக்களின் மகரந்தச் சேர்க்கை குறைந்ததாகத் தெரியவில்லை. மெக்சிக்கோ நகரை அடுத்த ஒரு பூங்காவிலோ ஒரு சால்வியா இனம் முன்னினும் குறைவாகவே விதை தந்தது.

ஊட்டுக்குப்பி தரக்கூடியது எரிபொருளை மட்டுமே. அதனைத் தொங்கவிட்ட அதே இல்லத்தார் கொசுவுக்கும் அசுவினிக்கும் அஞ்சித் தோட்டம் முழுவதும் பூச்சிக்கொல்லி தெளிப்பாராயின், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பவராவர். முதிர்ந்த பறவை சர்க்கரை நீரைக் குடித்துப் பறந்துகொண்டிருக்க, கூட்டிலுள்ள குஞ்சுக்கு ஊட்டுவதற்குத் தாய்க்கு எதுவும் கிடைக்காது. எனவே கிழக்கு வட அமெரிக்க மண்ணுக்குரிய எக்காளக் கொடி, செந்நிற லோபீலியா, பவளநிற ஹனிசக்கிள், மொனார்டா ஆகியவற்றை வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்குமாறு நடுதலும், மூலை முடுக்கிலுள்ள சிலந்தி வலைகளைக் கூடு கட்டும் பருவத்தில் கலைக்காது விடுதலும், மிகக் கனிந்த வாழைப்பழத்தைத் தோலுடன் ஒரு துளையுள்ள கலத்திலிட்டுப் பூக்களின் அருகே தொங்கவிட்டுப் பழ ஈக்களைப் பெருக்குதலும் ஊட்டுக்குப்பிக்கு முன்பே செய்யத்தக்கவை.